டவர் காட்டிய பக்கம்

அண்ணி யாரிடமும் சொல்லாமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்து, சர்க்கரை எது உப்பு எது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவன் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்று, துண்டு எங்கே என்று வீடு அதிரக் கத்தினான். துண்டு அவன் தோளில்தான் கிடந்தது. அதை அவனிடம் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது?

தம்பிக்காரன் எதையும் தேடவில்லை. வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குப் போனான், வந்தான், போட்டதைத் தின்றான், பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் படுத்தான். இரண்டு ஆண்கள் இருக்கிற வீட்டில் ஒருவன் கத்துகிறவனாகிவிட்டால் இன்னொருவன் வாயே திறக்காதவனாகிவிடுவது உண்டு. இவன் இரண்டாவது வகை.

அவனுக்கு வேலை செல்போன் டவரில் ஏறுவது. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கொக்கியை ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு மாற்றி மாற்றி விறுவிறுவென்று மேலே போய்விடுவான். பழைய ஆன்டெனாவைக் கயிற்றில் கட்டி இறக்குவான், புதியதை ஏற்றுவான், கேபிளை மாட்டி முறுக்கி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் டேப் சுற்றுவான். காற்று அடித்தால் டவர் லேசாக ஆடும். புதிதாக வருகிற ஆட்கள் பாதி வழியிலேயே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். இவன் உச்சியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் தின்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டேஷன்காரர் வந்தார். அவர் பெரியவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இப்போது போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை. வானம் கறுத்துக் கிடந்தது. மழையும் வரவில்லை, புழுக்கமும் போகவில்லை. ஸ்டேஷன்காரர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, அம்மா கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தார். அவருக்கு நல்லவேளையாகச் சர்க்கரை டப்பாவே அகப்பட்டிருந்தது.

"அவ இருக்கிற எடம் கெடச்சிருச்சுடா" என்றார் பெரியவனிடம். "ஆனா இது காதும் காதும் வச்ச மாதிரி இருக்கணும். வெளிய தெரிஞ்சா என் வேலைக்கு உலை வச்சிடுவாங்க."

பெரியவன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். லேத் பட்டறையில் இரும்பு பிடித்துக் காய்த்துப்போன கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். "எப்படிக் கெடச்சுது? சிம்மைத்தான் தூக்கிப் போட்டுட்டாளே."

"சிம்மைப் போட்டா? செட்டு அதே செட்டுதானே. நீ வாங்கினப்ப டப்பா மேல நீளமா ஒரு நம்பர் ஒட்டியிருந்துச்சு பாரு, அது செட்டோட நம்பர். எந்தச் சிம்மை உள்ள சொருகினாலும் அந்த நம்பர் போய் டவர்ல பதிஞ்சிரும். அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க."

"அவ யார்கிட்டயாவது பேசினாத்தானப்பா தெரியும்?" என்றாள் அம்மா. சமையலறை வாசலில் நின்று ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேசவே வேண்டாம்மா. போன் பையில சும்மா கெடந்தாலும் அப்பப்போ டவருக்கு, 'நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்'னு சொல்லிக்கிட்டேதான் இருக்கும். அப்படிச் சொல்லலேன்னா, ஒருத்தர் நம்மளைக் கூப்பிடும்போது எங்கன்னு தேடிப்போய் மணி அடிக்கும்? என்னப்பா சின்னவனே, நீதான் அதுலயே கெடக்கிறவன், நான் சொல்றது சரிதானே?"

சின்னவன் தலையை ஆட்டினான். சரிதான். அத்தனையும் சரிதான்.

"எந்த இடம்?" என்றான் பெரியவன்.

"வீட்டு நம்பரெல்லாம் வராது. எந்த டவர், எந்தப் பக்கம், அவ்வளவுதான் வரும். குன்று மேல ஒரு டவர் இருக்கே, அது. அதுல கிழக்கப் பாத்த ஆன்டெனாதான் செட்டைப் பிடிச்சிருக்கு. தெனமும் அதேதான். ஆள் அங்கயே தங்கியாச்சுன்னு அர்த்தம்."

குன்றுக்குக் கிழக்கே கல்குவாரியும் செங்கல் சூளைகளும், அவற்றில் வேலை செய்கிறவர்களின் வரிசை வீடுகளும் இருந்தன. எவ்வளவு பேர் வந்தாலும் யார் என்று கேட்காத இடம். பெரியவன் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

"அடிச்சுகிடிச்சு வைக்காதடா" என்றாள் அம்மா.

"நான் எதுக்கும்மா அடிக்கப் போறேன்? என் பொண்டாட்டி, என் புள்ள. கூட்டிட்டு வந்துருவேன்." அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். அடித்ததெல்லாம் அவன் கணக்கில் அடித்ததாகவே சேராது.

சின்னவனுக்கு அந்தக் காலை நேரம் நினைவுக்கு வந்தது. அண்ணி போவதற்கு முந்தைய வாரம். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. அப்படியே நின்று அவனுக்குச் சோற்றைக் கட்டிக் கொடுத்தாள். "படியில வழுக்கிட்டேன் தம்பி" என்றாள், அவன் கேட்காமலே. அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிட்டான். அன்றைக்கு வேலை அந்தக் குன்று டவரில்தான். மூன்று பக்கத்துக்கும் புது ஆன்டெனா. காலையில் ஏறியவன் வெயில் இறங்கும்வரை மேலேயே இருந்தான். கீழே இறங்கி வந்தபோது, காலையிலிருந்து கை என்ன செய்தது என்று ஒன்றும் நினைவில்லை. அந்தக் கண்தான் நினைவில் இருந்தது.

பெரியவன் தினமும் பட்டறையைச் சீக்கிரம் சாத்திவிட்டுக் கிழக்கே போனான். போட்டோவைக் காட்டி டீக்கடை, மளிகைக்கடை, தண்ணீர்க் குழாயடி என்று எல்லா இடத்திலும் விசாரித்தான். வெறுங்கையோடு திரும்பி வந்தான். வர வர அவன் முகத்தைப் பார்க்கவே அம்மா பயந்தாள்.

ஒருநாள் விரல் முட்டிகள் தோல் உரிந்து வந்து உட்கார்ந்தான். அம்மா சோறும் வறுத்த முட்டையும் வைத்தாள். முட்டையில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்திருந்தது. அவன் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"கையில என்னடா?"

"குவாரி லைன்ல ஒரு வீட்டுக்குப் புதுசா ஒருத்தி வந்திருக்கா, ஒரு குழந்தையோடன்னு சொன்னானுங்க. போய்த் தட்டினேன். திறக்கல. உள்ள குழந்தை அழுற சத்தம் கேக்குது. திறக்கலேன்னா என்ன அர்த்தம்? ஒரே உதை. கதவு பேர்ந்து உள்ள விழுந்துருச்சு."

"அவளாடா?"

"யாரோ ஒருத்தி. புருஷன்காரன் எதிர்த்து வந்தான், நாலு போட்டேன். அப்புறம் ஸ்டேஷன்காரனைப் பேசவிட்டுச் சமாளிச்சாச்சு." பெரியவன் சோற்றை உருட்டி வாயில் போட்டான். "நல்ல கதவா போட்டுக்கக் கூடாதா அவனுங்க."

சின்னவன் தட்டில் கையைக் கழுவினான். அந்தக் குழந்தையின் அழுகை தன் காதிலேயே கேட்பது மாதிரி இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டைவரை வந்தது. பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

மறுநாள் காலையில் ஆபீஸில் என்ஜினியர் மேடம் அவனையும் ஒட்டடையையும் கூப்பிட்டார். ஒட்டடை என்பது அவனுடைய கூட்டாளி. ஒட்டடைக் குச்சி மாதிரி நெட்டையாகவும் ஒல்லியாகவும் இருப்பார், அதனால் அந்தப் பெயர். இவன் மேலே ஏறினால் அவர் கீழே நின்று கயிறு பிடிப்பார். மேடம் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கு மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"குன்று டவர்ல ஆன்டெனா மாத்தினது நீங்க ரெண்டு பேரும்தானே?"

"ஆமா மேடம்."

"அன்னியிலேர்ந்து கம்ப்ளெயின்ட். நடந்துகிட்டோ வண்டியிலயோ பேசினா கட்டாகுது. நேத்து நானே டெஸ்ட் போனோட அந்த ஏரியா முழுக்கக் கார்ல சுத்திட்டு வந்தேன். குவாரி வாசல்ல நிக்கிறேன், மேற்குப் பக்கத்து ஆன்டெனான்னு காட்டுது. அந்தப் பக்கம் போய் நின்னா கிழக்குன்னு காட்டுது. கேபிளை மாத்திக் குத்திட்டு வந்திருக்கீங்க."

ஒட்டடை சின்னவனைப் பார்த்தார். சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு பக்கத்துக் கேபிளிலும் கலர் டேப் வளையம் இருக்கும். கிழக்குக்குச் சிவப்பு, மேற்குக்கு மஞ்சள். சின்னப் பிள்ளைகூட மாற்றிக் குத்தாது. வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு ஏறியவன் குத்தியிருக்கிறான்.

"கட்டாகுறது மட்டும்னா நான் இவ்வளவு பேச மாட்டேன்" என்றார் மேடம். "போன வாரம் குவாரியில ஒருத்தர் கால் மேல கல்லு உருண்டிருக்கு. ரோட்டுப் பக்கம் ஓடிக்கிட்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்காங்க. பேசப் பேசக் கட்டாயிருக்கு. இடத்தைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள லைன் போயிருச்சு. அவங்க என்ன செய்வாங்க? டவர் எந்தப் பக்கத்தைக் காட்டுதோ அந்தப் பக்கம் போய்த் தேடியிருக்காங்க. குன்றுக்கு அந்தாண்ட. கடைசில லாரியில போட்டுக் கொண்டுபோயிருக்காங்க. உயிர் பொழச்சது அவர் நேரம். கால் போயிருச்சு."

மேடம் பேனாவை மேஜையில் வைத்தார்.

"இன்னைக்கே போய் மாத்துங்க. மாத்திட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

வெளியே வந்து வண்டியில் ஏறும்வரை அவனுக்கு மூளை வேலை செய்யவில்லை. ஏணியையும் கயிற்றையும் ஏற்றிவிட்டு ஒட்டடை வண்டியைக் கிளப்பிய பிறகுதான் மெதுவாக உறைத்தது. கிழக்கு என்று காட்டியது மேற்கு. அப்படியானால் அண்ணி இருப்பது குவாரிப் பக்கத்தில் இல்லை. குன்றுக்கு மேற்கே அவ்வளவாக வீடுகளே கிடையாது. காய்கறித் தோட்டங்கள், நடுவில் ஒரு குளிர்பதனக் கிடங்கு, அதை ஒட்டி வேலைக்கு வரும் பெண்கள் தங்குகிற விடுதி. டவர் உச்சியிலிருந்து எத்தனையோ தடவை அவன் பார்த்த இடம். வேறு எங்கே இருக்க முடியும்?

இத்தனை நாளாக அவனுடைய தப்புதான் அண்ணியை ஒளித்து வைத்திருந்திருக்கிறது. இன்றைக்கு அதைச் சரிசெய்துவிட்டால் நாளைக்கே ஸ்டேஷன்காரர் "அடடா, பக்கம் மாறிருச்சே" என்பார். பெரியவன் மேற்கே திரும்புவான். அந்தப் பக்கத்தில் உதைப்பதற்கு ஒரே ஒரு விடுதியின் கதவுதான் இருக்கிறது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார் ஒட்டடை. "கேபிள் மாறாத டவர் உலகத்துல இருக்கா? எங்க காலத்துல நாங்க ஆன்டெனாவையே தலைகீழா மாட்டியிருக்கோம்."

"ஒருத்தருக்குக் கால் போயிருக்குண்ணே."

ஒட்டடை வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

குன்றின் மேல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. தூறல் விழுந்தது. சின்னவன் பெல்ட்டை மாட்டினான், மறுபடி கழற்றினான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கீழே இருந்த சாமான் அறையின் ஜன்னலில் வைத்தான்.

"அண்ணே, கொஞ்ச நேரம் கீழ போயிட்டு வர்றேன். மேடம் கூப்பிட்டா, மழை விடட்டும்னு நிக்கிறோம்னு சொல்லுங்க."

"போனை ஏண்டா வச்சிட்டுப் போற?"

"அது இங்கயே இருக்கட்டும்ணே. அது இருக்கிற எடத்துலதான் நானும் இருக்கேன்னு ஒருத்தன் நெனச்சுக்கட்டும்."

ஒட்டடைக்கு அவன் வீட்டு விஷயம் அரைகுறையாகத் தெரியும். ஒன்றும் கேட்காமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

மேற்குச் சரிவில் சேறு வழுக்கியது. முட்செடியைப் பிடித்தும் பாறையில் உட்கார்ந்து நகர்ந்தும் இறங்கினான். கிடங்கின் வாசலில் முட்டைக்கோஸ் லாரி ஒன்று நின்றது. மத்தியான இடைவேளை. தடித்த கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்ட பெண்கள் கும்பலாக வெளியே வந்து, புழுக்கத்தில் மூச்சு விட்டு, கையுறைகளைக் கழற்றிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே உறைய வைக்கும் குளிர், வெளியே வேக வைக்கும் புழுக்கம். எல்லாருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

அண்ணிதான் அவனை முதலில் பார்த்தாள். பார்த்ததும் அவன் முகத்தை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் பார்த்தாள். வேறு யாராவது வருகிறார்களா என்று பாதை நெடுகக் கண்ணை ஓட்டினாள். சின்னவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"நான் மட்டும்தான் அண்ணி. சத்தியமா நான் மட்டும்தான்."

அவள் அவனைச் சுவரோரமாக அழைத்துப் போனாள். காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடம். கண் வீக்கம் வடிந்து, புருவத்துக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. "எப்படிக் கண்டுபிடிச்ச? சிம்மைத்தான் மாத்திட்டேனே."

"செட்டை மாத்தலையே அண்ணி."

அவன் சொல்லச் சொல்ல, அவள் கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து அந்தப் போனை எடுத்து, தேளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "குட்டிக்குப் பாட்டுப் போட்டுக் காட்டத்தான் வச்சிருந்தேன். யார்கிட்டயும் இதுல பேசினதுகூட இல்ல. பேசாமலே காட்டிக் குடுக்குமா?"

"குடுக்கும் அண்ணி. ஆனா தப்பான பக்கத்தைக் காட்டிருச்சு. நான் கேபிளை மாத்திக் குத்திட்டேன். அதனாலதான் அண்ணன் கிழக்கப் போய்ச் சுத்திக்கிட்டிருக்காரு." சொல்லும்போது தன்னை அறியாமல் அவன் குரலில் ஒரு சின்னப் பெருமை ஏறிவிட்டது. "இன்னைக்கு அதைச் சரிபண்ணச் சொல்லி அனுப்பியிருக்காங்க. நான் ஏதாவது சாக்குச் சொல்லி இழுத்துரலாம்னு பாக்கறேன். காத்து அதிகம், ஏற முடியலன்னா நம்புவாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

"கிழக்கப் போய் என்ன பண்றாரு?"

அவன் தயங்கினான். பிறகு கதவு பேர்ந்ததைச் சொன்னான். உள்ளே குழந்தை அழுததையும், நாலு போட்டதையும் சொன்னான். அதற்குப் பிறகு மறைக்க முடியாமல், கால் போனவரையும் சொல்லிவிட்டான்.

அண்ணி பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது, அவன் அதுவரை பார்த்திராத கோபம் முகத்தில் இருந்தது.

"என் கதவுக்குப் பதிலா இன்னொருத்தி கதவை உதைக்கட்டும்னு நான் உன்கிட்ட கேட்டேனா?"

"அது தெரியாம நடந்தது அண்ணி."

"தெரியாம நடந்தது நடந்துருச்சு. இப்பத் தெரிஞ்சு விடலாம்னு சொல்றியே, அதைக் கேக்கறேன். என் பக்கத்துப் படுக்கைக்காரி தெனமும் வாசல்ல நடந்துகிட்டே அவ அம்மாகிட்டப் பேசுவா, பேசப் பேசக் கட்டாகி அழுவா. என்ன இழவு லைனோன்னு நானும் சேர்ந்து திட்டியிருக்கேன். போ. போய்ச் சரிபண்ணு."

"சரிபண்ணிட்டா அவரு இங்க வருவாரே!"

"செட்டு இங்க இருந்தாத்தானே? நீ எடுத்துட்டுப் போ." அவள் சிம்மை மட்டும் கழற்றிக் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, போனை அணைத்து நீட்டினாள். "வக்கீலம்மா ஒருத்தங்ககிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருக்கேன். கேஸ் போடப் போறாங்க. அது வரைக்கும் போன் இல்லாம இருந்துட்டுப் போறேன்."

"போற வழியில ஆத்துல எறிஞ்சிடறேன்."

"எறியாத. அவர் வாங்கிக் குடுத்தது. வாங்கிக் குடுத்தேன், வாங்கிக் குடுத்தேன்னு சொல்லிக்காட்டாத நாள் இல்ல. அவர் கையிலயே குடு."

சின்னவன் போனை வாங்கிக்கொண்டான். "எங்க கெடச்சுதுன்னு கேப்பாரே அண்ணி."

"கேக்கட்டும்."

"நான் என்ன சொல்றது?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்ததை அவனால் தாங்கவே முடியவில்லை.

"அவ்வளவு ஒசரம் ஏறுற. என் கொழுந்தனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு தெருவெல்லாம் பெருமையடிச்சிருக்கேன். ஆனா உள் ரூம்ல சத்தம் கேட்டா நீ மாடிக்குப் போயிருவ. பாயை உதறிப் போடுவ பாரு, அந்தச் சத்தம் எனக்குக் கீழ வரைக்கும் கேக்கும் தம்பி. அடி வாங்கிக்கிட்டே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கேன். இன்னைக்காவது இறங்கி வருவான், இன்னைக்காவது வருவான்னு."

சின்னவன் அழுதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். அண்ணி அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

உள்ளே மணி அடித்தது. பெண்கள் கையுறைகளை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். விடுதி வாசலிலிருந்து குட்டி ஓடி வந்தாள், அவனைக் கண்டதும் "சித்தப்பா!" என்று கத்திக்கொண்டு வந்து காலைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்து, பல் விழுந்த இடத்தில் நாக்கை விட்டுக் காட்டினாள். அவன் அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு இறக்கிவிட்டான். குன்றில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

மேலே வந்ததும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். தூறல் நின்று, கம்பிகள் ஈரத்தில் வழவழத்தன. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. உச்சியில் கொக்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, டேப்பைக் கத்தியால் கீறிப் பிரித்தான். கையைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான். சிவப்பு, மஞ்சள். இரண்டையும் கழற்றினான். அந்தச் சமயத்தில் இரண்டு பக்கத்திலும் யார் யாரோ பேசிக்கொண்டிருந்த பேச்செல்லாம் அறுந்திருக்கும். ஈரத்தைத் துடைத்து, சிவப்பைக் கிழக்கிலும் மஞ்சளை மேற்கிலும் மாட்டி, ஸ்பேனரால் முறுக்கினான். புது டேப்பை இழுத்து இழுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி சுற்றினான். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை வளையத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"சரியாயிருச்சா?" என்று கீழிருந்து கத்தினார் ஒட்டடை.

"சரியாயிருச்சு."

வீட்டுக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. பெரியவன் வாசல் அறையில் உட்கார்ந்து கிழக்கே போவதற்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, போனை மேஜையின் மேல் வைத்தான்.

பெரியவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பின்பக்க ஓரத்தில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவினான். "எங்கடா கெடச்சுது?"

"அண்ணி குடுத்தாங்க. உன்கிட்டக் குடுக்கச் சொன்னாங்க."

அம்மாவின் கையிலிருந்து வெங்காயம் உருண்டது.

"எங்க இருக்கா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

பெரியவன் முதலில் சிரித்தான். விளையாடுகிறான் என்று நினைத்திருப்பான். இந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று யார்தான் எதிர்பார்த்திருக்க முடியும்? பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து பக்கத்தில் வந்து, "எங்க இருக்கா?" என்றான்.

"சொல்ல மாட்டேன்."

அறை விழுந்தது. காது கொய்யென்று கூவியது, கண்ணில் பூச்சி பறந்தது. அண்ணனுடைய கை எவ்வளவு கனம் என்று அன்றுவரை சின்னவனுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் தெரியாது. வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"டேய், சொல்லித் தொலைச்சிருடா" என்றாள் அம்மா.

"சொல்ல மாட்டேன். இனிமே யார் கதவையும் நீ உதைக்காத. போலீஸ் சிநேகிதம் இருக்குன்னு உதைக்கிற. அண்ணியைத் தேடிப் போனேன்னா, அந்தக் குவாரி வீட்டுக்காரனை நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உன் மேல கம்ப்ளெயின்ட் குடுக்க வைப்பேன்."

மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை உதடு கிழிந்து, சட்டையில் ரத்தம் சொட்டியது. சின்னவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். திருப்பி அடிக்கவில்லை, நகரவும் இல்லை. பெரியவன் கேட்டான், அவன் அதே பதிலைச் சொன்னான். இன்னும் ஒரு தடவை கேட்டான். அதே பதில். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் பெரியவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு போனைச் சுவரில் அடித்துவிட்டு, "ஸ்டேஷன்காரனைப் பாத்துட்டு வந்து உன்னை வச்சுக்கிறேன்" என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அம்மா வாசல் கதவைச் சாத்தினாள். கிண்ணத்தில் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து அவனை நாற்காலியில் உட்காரவைத்து, உதட்டை ஒற்றினாள். கையில் வெங்காய வாசனை. அவள் கண்ணிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் வண்டிச் சத்தம் போய்விட்டதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு மட்டும் சொல்லுடா. குட்டியை ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். அவன்கிட்ட மூச்சு விட மாட்டேன்."

மூச்சு விடக் கூடாது என்றுதான் நினைப்பாள். அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெரியவன் எதிரே நின்று ஒரு தடவை குரலை உயர்த்தினால் போதும், அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். பெற்ற தாயைப் பற்றி இப்படி நினைப்பது அவன் நெஞ்சை அறுத்தது. இந்த வீட்டில் இத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

"உனக்கும் சொல்ல மாட்டேன்மா" என்றான்.

அம்மாவின் கை அவன் உதட்டருகே நின்றது. அவன் முகத்தையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். அவள் துணியைக் கிண்ணத்தில் முக்கி, பிழிந்து, மறுபடி ஒற்றினாள்.

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. பல்லு விழுந்திருக்கு."

"எந்தப் பல்லு?"

"கீழ் வரிசைம்மா. முன்னால."